வளைகுடாத் தங்கமும் வாசலில் நிற்கும் சுங்கமும்

"பையன் வருகிறானாம், துபாயிலிருந்து!" இந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், அதன் பின்னாலேயே இன்னொரு செய்தியும் நுழைந்துவிடுகிறது: "அங்கே தங்கம் கொள்ளை மலிவாமே!"

தாய் சொல்கிறாள்: "தங்கச்சி கல்யாணம் தையிலே வச்சிருக்கு. அஞ்சு சவரன் அங்கேயே வாங்கிட்டு வந்துடு தம்பி." மாமனார் சொல்கிறார்: "மாப்பிள்ளை, எனக்கும் ஒரு சங்கிலி. பணத்தை வந்ததும் தந்துடறேன்." பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே சொல்கிறார்: "இங்கே கடைக்குப் போனால் கண்ணைக் கட்டுது. அங்கேயே வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சம்!"

பாதிக்குப் பாதி! சொன்னவர் துபாயைப் பார்த்ததில்லை. கேட்ட தாய் கணக்கைப் பார்த்ததில்லை. கொண்டுவரப் போகிற மகனோ சுங்கச் சட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மூவருமாகச் சேர்ந்து, அவன் இரண்டாண்டுக் காலம் வெயிலில் வெந்து, இரும்பு வளைத்து, சாரம் கட்டி, லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தை, அந்த ஒரு சொல்லின்மீது வைத்துவிடுகிறார்கள்.

வைக்கலாமா? வெளிநாட்டுப் பொருளை நாமே நேரில் வாங்கிக்கொண்டு வந்தால், வரியெல்லாம் கட்டிய பிறகு கையில் ஏதாவது மிஞ்சுகிறதா? பணக்காரனுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி. பாட்டாளிக்கு இது பிழைப்புக் கேள்வி. ஆகவே பென்சிலை எடுப்போம், கணக்கைப் போடுவோம்.

மலிவு எங்கிருந்து வந்தது?

துபாயில் தங்கம் விளைவதில்லை, தோழர்களே! அங்கே இருப்பது மணல். இங்கேயும் இப்போது பெரிதாக விளைவதில்லை. தமிழ்ப் பாட்டாளிகள் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கி, பாறையைப் பிளந்து, நுரையீரலில் தூசியைச் சுமந்து பொன்னெடுத்த கோலார் தங்கவயல், 2001இல் மூடப்பட்டுவிட்டது. இந்த நாட்டுக்கு வேண்டிய தங்கத்தில் ஏறத்தாழ எல்லாமே வெளியிலிருந்துதான் வருகிறது.

அப்படி வருகிற தங்கத்துக்கு உலகச் சந்தையில் ஒரே விலை. துபாய்க் கடைக்காரர் வாங்குவதும் அந்த விலைக்குத்தான். சென்னைத் தியாகராய நகர்க் கடைக்காரர் பெறுவதும் அந்த விலையை ஒட்டித்தான். பின் ஏன் இங்கே விலை கூடுதல்? இடையில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் சுங்கம் நிற்கிறது. அது கை நீட்டுகிறது, விலை கூடுகிறது. அதைத் தாண்டி உள்ளே வந்தால் ஜி.எஸ்.டி. என்ற இன்னொரு கை நீள்கிறது. விலை இன்னும் கூடுகிறது.

இதை மனத்தில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள்: துபாயில் காணும் மலிவு, பொருளின் மலிவு அல்ல, வரியின் இடைவெளி. இடைவெளி அகன்றால் மலிவும் அகலும். இடைவெளி குறுகினால் மலிவும் குறுகும். வரியைக் கட்டிவிட்டால்? மலிவே மறைந்துவிடும்!

ஏறியும் இறங்கியும் வந்த வாசல்

இந்த வாசலின் வரலாறு வேடிக்கையானது, வேதனையானதும்கூட.

1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யாதே என்றது டில்லி. உலைமுன் உட்கார்ந்து ஊதுகுழல் பிடித்துப் பிழைத்த பொற்கொல்லர் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 1968இல் அது தனிச் சட்டமாயிற்று. அந்தச் சட்டம் 1990இல்தான் போயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது என்ன? தங்கம் வராமல் நின்றதா? இல்லை. நேர்வழியில் வராதது கள்ளத்தோணியில் வந்தது.

1992இல் வெளிநாட்டில் உழைத்துத் திரும்புவோர் சுங்கம் கட்டித் தங்கம் கொண்டுவர வழி திறந்தார்கள். பின்னர் வரியின் அளவு குறைந்தது. ஆனால் 2012 ஜனவரியில் நூற்றுக்கு 2 என்றிருந்த சுங்கம், அவ்வாண்டு மார்ச்சில் 4 ஆயிற்று. 2013 ஜனவரியில் 6. ஜூனில் 8. ஆகஸ்டில் 10. இருபது மாதத்துக்குள் ஐந்து மடங்கு! 2019இல் 12½. 2021இல் மேல்வரிகளையும் சேர்த்து 10¾. 2022 ஜூலையில் 15. பிறகு 2024 ஜூலை 23 அன்று, ஒரே வீச்சில், 15 என்பது 6 ஆக இறங்கியது.

காரணம் இல்லாமல் ஏற்றினார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2012-13இல் நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் விழுந்த பள்ளம் பெரிது. தங்கம் வாங்க டாலர் போகிறது. டாலர் போனால் ரூபாய் சாய்கிறது. சாய்ந்தால் எண்ணெய் விலை ஏறுகிறது. ஏறினால் ஏழையின் வயிற்றில் அடி விழுகிறது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. சுங்கமே கூடாது என்பது நமது கட்சியல்ல. சுங்கம் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்தப் பாட்டாளியின் கணக்கும் ஏறி இறங்குகிறது. அதை அவனிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே நமது குறை.

கணக்கைப் பார்ப்போம்

எளிதாக இருக்கட்டும் என்று, 10 கிராம் தங்கத்தின் உலக விலை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்கூலி, சேதாரம் இரண்டு ஊரிலும் சேர்த்து நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். சுங்கம், 2024 ஜூலையில் வைத்த 6.

நம் ஊர்க் கடையில்: தங்கம் 1,00,000. சுங்கம் 6,000. செய்கூலி 10,600. மொத்தம் 1,16,600. அதன்மேல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 3. ஆக, 1,20,098 ரூபாய்.

துபாய்க் கடையில்: தங்கம் 1,00,000. செய்கூலி 10,000. அந்த நாட்டிலும் 2018 முதல் விற்பனைக்கு நூற்றுக்கு 5 வரி உண்டு; 5,500. ஆக, 1,15,500 ரூபாய்.

"அந்த 5 சதவிகிதத்தை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்களாமே?" தருவார்கள், யாருக்கு? சுற்றுலாப் பயணிக்கு! ஊர் பார்க்க வந்தவனுக்குத் திருப்பித் தருவார்கள். அந்த ஊரைக் கட்டிக்கொடுத்தவனுக்கு, அங்கே குடியிருப்பு அனுமதி பெற்று வேலை செய்கிறவனுக்கு, அந்தத் திட்டம் இல்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1,20,098, 1,15,500. இடைவெளி 4,598 ரூபாய். சுங்கம் கட்டாமல் சட்டப்படி கொண்டுவர உனக்கு உரிமை இருந்தால், 10 கிராமுக்கு இதுதான் மிச்சம். நூற்றுக்கு 4 கூட முழுதாக இல்லை. பாதிக்குப் பாதி எங்கே போயிற்று? பக்கத்து வீட்டுக்காரரின் வாயோடு போயிற்று!

சரி, சலுகை எல்லைக்கு மேல் கொண்டுவந்து, நேர்மையாக 6 சதவிகிதம் சுங்கம் கட்டினால்? செய்கூலியை விட்டுவிட்டுப் பொன்னுக்கு மட்டும் சுங்கம் போட்டதாகவே வைத்துக்கொள்வோம். 1,15,500உடன் 6,000 சேர்ந்தால் 1,21,500. உள்ளூர்க் கடையைவிட 1,402 ரூபாய் அதிகம்! கடல் தாண்டி வாங்கி, கண்விழித்துக் காத்து, வரிசையில் நின்று வரி கட்டி, முடிவில் உள்ளூர்க்காரனைவிடக் கூடுதல் விலை.

"சுங்கம் 15 ஆக இருந்த காலத்தில் லாபம் இருந்திருக்குமே?" என்று ஒரு தோழர் கேட்கலாம். போட்டுப் பார்ப்போம். அப்போது உள்ளூர் விலை 1,30,295 ஆகியிருக்கும். துபாய் விலையோடு 15,000 சுங்கத்தைக் கூட்டினால் 1,30,500. அப்போதும் 205 ரூபாய் நட்டம்தான். ஆனால் சுங்கமில்லாத சலுகைக்குள் கொண்டுவந்தவனுக்கு மட்டும் அப்போது 10 கிராமுக்கு 14,795 ரூபாய் மிச்சம். 2024இல் அது 4,598 ஆகச் சுருங்கியது. வரி குறைந்தது, உள்ளூர் விலை இறங்கியது, கொண்டுவருகிறவனின் மிச்சமும் அதோடு இறங்கியது. இது நீதியும் அல்ல, அநீதியும் அல்ல; வெறும் கணக்கு.

செய்கூலி இல்லாத காசாகவோ கட்டியாகவோ வாங்கினால் நிலைமை கொஞ்சம் மாறும். சுத்தத் தங்கத்துக்கு அங்கே அந்த 5 சதவிகித வரி இல்லை. ஆனால் காசுக்கும் கட்டிக்கும் இங்கே சுங்கமில்லாச் சலுகையும் இல்லை. அது நகைக்கு மட்டுமே. சுங்கம் கட்டினால், மிஞ்ச இடமிருப்பது அதிகம் போனால் உள்ளூர் ஜி.எஸ்.டி.யின் அளவு, நூற்றுக்கு 3. அதிலிருந்து நாணய மாற்றுக்காரன் ஒரு பிடி எடுப்பான். பிறகு இங்கே அதை நகையாக்கக் கூலியும், கூலிக்கு வரியும் உண்டு. மிஞ்சுவதைத் தாயின் கையில் கொடுத்தால், "இதுக்காடா இத்தனை பாடு?" என்று கேட்பாள்.

இன்னொன்று. 6 சதவிகிதம் என்பது எல்லோருக்கும் அல்ல. குறைந்தது ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்து திரும்பும் இந்திய வமிசத்தாருக்கே, 1 கிலோ வரை, அதுவும் சுங்கத்தை அந்நிய நாணயத்தில் கட்டினால்தான் அந்த விகிதம். ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வருகிறவனுக்குப் பயண மூட்டையின் பொது விகிதம். 2024இல் அது மேல்வரியோடு 38½. நம் கணக்கில் அவனுடைய நகை 1,54,000 ரூபாயில் போய் நிற்கும்!

தங்கத்துக்கு மட்டுமா இந்தக் கதை? தோளில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்த காலம் நினைவிருக்கிறதா? 2013 ஆகஸ்டு 26 முதல், தட்டைத் திரைத் தொலைக்காட்சியைச் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்கும் அதே பொது விகிதம். இங்கேயோ, பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு 28 ஆக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 அன்று 18 ஆக இறங்கியது. வெளியே சுமை; உள்ளே இறக்கம். பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பானா என்பது வேறு கேள்வி.

எடையில் தாராளம், மதிப்பில் கஞ்சத்தனம்

அப்படியானால் மிச்சம் எங்கேதான் இருக்கிறது? ஒரே ஓர் இடத்தில்: சுங்கமில்லாச் சலுகைக்குள். அந்தச் சலுகையை எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம் நகை கொண்டுவரலாம், பெண் 40 கிராம் கொண்டுவரலாம் என்று 2016ஆம் ஆண்டு விதி சொன்னது. 20 கிராம் என்றால் இரண்டரைச் சவரன். 40 கிராம் என்றால் ஐந்து சவரன். கேட்கும்போது காது குளிர்கிறது. ஆனால் அதே விதி அடுத்த மூச்சில் சொன்னது: ஆணின் நகை 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, பெண்ணின் நகை 1,00,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது!

இந்த 50,000 எந்தக் காலத்து 50,000? 2013இல் வைத்தது. தங்கம் நின்ற இடத்திலா நின்றது? 2025 ஏப்ரலில் சுத்தத் தங்கம் கிராமுக்கு 10,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் 50,000 ரூபாய்க்கு எத்தனை கிராம்? ஐந்து. அரைச் சவரனுக்குச் சற்று மேல்! "இரண்டரைச் சவரன் கொண்டு வா" என்று ஒரு கை அழைத்தது. "அரைச் சவரனோடு நில்" என்று மறு கை தடுத்தது. பந்தியில் இலை போட்டு, பரிமாறும்போது பானையை மூடியது போல!

எத்தனை பேர் "20 கிராம் சட்டம்" என்று நம்பி, வரியில்லாப் பச்சை வழியில் நடந்து, பாதி வழியில் நிறுத்தப்பட்டு, திகைத்து நின்றிருப்பார்கள்! அவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர். விதியின் முதல் பாதியைப் படித்தவர்கள், அவ்வளவுதான்.

2026 பிப்ரவரியில் வந்த புதிய மூட்டை விதிகள் இந்த மதிப்பு வரம்பை எடுத்துவிட்டு, எடையை மட்டும் வைத்தன. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 13 ஆண்டுகள்! அந்த 13 ஆண்டுகளில் திரும்பி வந்தவனுக்கு யார் பதில் சொல்வது? விலை ஏறினால் வரியும் தானாக ஏறுகிறது. சலுகை மட்டும் ஏன் தானாக ஏறவில்லை?

"ஒரு சின்னப் பொட்டலம், அண்ணே!"

தோழர்களே! இதுவரை சொன்னது ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க் கணக்கு. இனிச் சொல்லப்போவது வாழ்க்கைக் கணக்கு.

ஊருக்குப் புறப்படுகிற அன்று ஒருவன் வருவான். நம் ஊர்க்காரன் மாதிரியே பேசுவான். "அண்ணே, திருச்சிக்குத்தானே போறீங்க? ஒரு சின்னப் பொட்டலம். வெளியே எங்க ஆள் வந்து வாங்கிக்குவான். டிக்கெட்டுக் காசு நான் தர்றேன்" என்பான். குருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இப்படிச் சுமப்பவனுக்கு. எவ்வளவு பொருத்தமான பெயர்! பறப்பது குருவி, பருப்பது பருந்து. பிடிபடுவது குருவி, பிழைத்துக்கொள்வது பருந்து.

பிடிபட்டால் என்ன ஆகும்? 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் சொல்கிறது. பொருள் பறிமுதல். அதற்குமேல் அபராதம். பெரிய அளவானால் 7 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 123ஆம் பிரிவை நம் தோழர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரி தங்கத்தைக் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியது உன் பொறுப்பு! மற்றக் குற்றங்களில் "நீ செய்தாய்" என்று அரசு மெய்ப்பிக்க வேண்டும். இங்கே "நான் செய்யவில்லை" என்று நீ மெய்ப்பிக்க வேண்டும். பொட்டலம் கொடுத்தவன் சாட்சி சொல்ல வருவானா? அவன் தொலைபேசி எண்கூட அன்றோடு மாறியிருக்கும்.

டிக்கெட்டுக் காசுக்காகப் பாஸ்போர்ட்டைப் பணயம் வைக்காதே! பாஸ்போர்ட்டு போனால் வேலை போகும். வேலை போனால் வட்டிக்குக் கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பான். தங்கையின் தை மாதமும் தள்ளிப்போகும். கூட வேலை செய்கிறவனே கேட்டாலும், மைத்துனனே கேட்டாலும், முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல், "முடியாது" என்று சொல்லப் பழகு.

கட்டும் வரி எங்கே போகிறது?

நேர்மையாக வரி கட்டுகிறான் நம் தோழன். திருச்சியில் கட்டுகிறான், மீனம்பாக்கத்தில் கட்டுகிறான். அந்தப் பணம் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறதா?

சுங்கம் டில்லியின் வரி. அதில் அடிப்படைச் சுங்கம், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய பொதுப் பானையில் விழுகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை அந்தப் பானையில் நூற்றுக்கு 41 மாநிலங்களுக்கு என்றது. ஆனால் 'செஸ்' என்ற பெயரில் போடும் மேல்வரி அந்தப் பானையில் விழுவதே இல்லை. அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவு அதை வெளியே நிறுத்திவிட்டது. அது முழுக்க டில்லியின் மடியில்.

தங்கத்தில் என்ன செய்தார்கள்? 2022இல் வைத்த 15இல் 2½, வேளாண் கட்டமைப்புக்கான செஸ். 2024இல் வைத்த 6இல் 1, அதே செஸ். ஆறில் ஒரு பங்கு! துபாயில் சிந்திய வியர்வை நம் ஊர்ப் பிள்ளையுடையது. அவன் குழந்தை படிப்பது மாநிலப் பள்ளி. அவன் தாய் மருந்து வாங்குவது மாநில மருத்துவமனை. அவன் கட்டிய ஆறில் ஒரு ரூபாய்க்கு மட்டும் மாநிலத்துக்குப் பங்கு கேட்கும் உரிமை இல்லை! விகிதத்தை உயர்த்துவதும் அங்கே, தாழ்த்துவதும் அங்கே, பெயர் மாற்றிப் பிரித்து வைத்துக்கொள்வதும் அங்கே. கட்டுவது மட்டும் இங்கே.

முடிவாக

வெளிநாட்டில் உழைக்கும் தோழனுக்கு நாம் சொல்வது இதுதான். சலுகை எல்லைக்குள் நகை வாங்கி வா. அது உன் உரிமை, கொஞ்சம் மிச்சமும் உண்டு. ரசீதை நகையோடு வை. எல்லைக்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டுக் கட்டு. ஆனால் அதிலே லாபம் இருப்பதாக நினைத்து வாங்காதே. புறப்படுமுன் அன்றைய விகிதம் என்ன என்று கேட்டுக்கொள். நேற்றைய விகிதத்தை நம்பி இன்று விமானம் ஏறாதே. இங்கிருந்து சொந்த நகையோடு போகிறவர்கள், போகும்போதே சுங்கத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது உங்கள் நகைக்கு நீங்களே வரி கட்டும் கொடுமை வராது.

டில்லிக்கும் ஒரு சொல். எடைக்கு விதி எழுதும்போது விலையையும் பார்த்து எழுதுங்கள். 13 ஆண்டு தூங்காதீர்கள். விகிதம் என்ன, எல்லை என்ன, மீறினால் தண்டம் என்ன என்பதைத் திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும், வந்து இறங்கும் பாட்டாளியின் கண்ணில் படும்படி, எளிய தமிழில் எழுதி வையுங்கள். வரி கட்டத் தயாராக இருக்கிறவனைக் குற்றவாளிபோல் விழிக்க வைக்காதீர்கள்.

அந்தத் தாய்க்கும் ஒரு சொல். அம்மா! ஐந்து சவரனையும் அங்கிருந்தே கொண்டுவரச் சொல்லி அவனை வாசலில் தலைகுனிய வைக்காதீர்கள். எல்லைக்கு உட்பட்ட இரண்டரைச் சவரனை அவன் கொண்டுவரட்டும். மீதியை நம் ஊர்க் கடையில், அவனையும் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வாங்குங்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. பிள்ளை வீட்டுக்குள் நிம்மதியாக நுழைவான்.